சாம்பல் துறையில் போட்ட குழாய்

சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். ஐந்தருவி ரோடு. அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டதால் சீசன் கூட்டம் காலையிலேயே பஸ் ஏறிவிட்டது. வழியில் ஒரு பலாச்சுளைக் கடைகூட இல்லை. சாரல் மட்டும்... நின்றுவிட்டதா, இன்னும் பெய்கிறதா என்று சொல்ல முடியாத சாரல்.

அந்த ரோட்டில் ஒரு லாரி ஊர்ந்து வந்தது. லாரியில் ஒரே ஒரு மரப்பெட்டி. ஆள் உயரத்துக்கும் மேலே. லாரிக்கு முன்னால் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, குழி எங்கே மேடு எங்கே என்று பார்த்து நடந்தவர் மசூது.

மசூது, என்னோடு படித்த ஹபீபுல்லாவுக்குத் தாய்மாமா. மாலை வகுப்பில் கரண்ட் போய், எல்லோரும் ஒரே பெஞ்சில் ஒண்டிக்கொண்டிருந்த ஒரு மழை நாளில் ஹபீபுல்லா சொன்னது இது. அவன் சொன்ன வரிசை மாறவில்லை. ஓரிரண்டு இடத்தில் அவனுக்கே நிச்சயமில்லை. அந்த இடங்களைச் சரிபார்க்க இனி வழியும் இல்லை.

ஆற்றை ஒட்டி ரோடு வளைகிற இடத்தில் சில கல்படிகள் தண்ணீருக்குள் இறங்கும். கடைசிப் படியில் ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். முதுகுதான் தெரிந்தது. இடுப்பில் ஈர வேட்டி. இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு நடுங்கினார். பல் அடித்துக்கொண்டது. கட... கட... கட... ஆறு அத்தனை இரைச்சலோடு ஓடுகிறது. அதையும் மீறி அந்தப் பல் சத்தம் கேட்டது.

“பெரியவரே, தண்ணி ஏறுது. மேல வாரும்,” என்றார் மசூது.

அவர் திரும்பவில்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மசூது ஓர் எட்டு ஒதுங்கி நின்று மறுபடி விளக்கைத் தூக்கினார். படி காலி.

ஏறிப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். வேறு எதையும் நினைக்க நேரமில்லை. பெட்டி நனைந்துவிடக் கூடாது. அதற்குள் இருந்தது அவர் மனைவியின் உயிர்.

அவள் பெயர் ராபியா. வடகரையில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவள். நூல் ஓடி ஓடி அவளுடைய வலது ஆட்காட்டி விரலில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சுத்தமாக ஒரு நூல் அகலம். அந்த விரலால் அவள் எதைத் தொட்டாலும் மசூதுக்குத் தெரியும். முதுகில் தட்டினால்கூட இன்னார் கை என்று சொல்லிவிடுவார்.

ராபியாவுக்கு நெஞ்சில் நோய். வெயில் காலத்தில் ஒரு மாதிரி ஓட்டிவிடுவாள். சாரல் தொடங்கினால் போதும், மூச்சு இழுக்கும். போன சீசனில் பிழைத்ததே பெரிது. இந்தச் சீசன் தாண்டாது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

மலையடிவாரத்தில் டாக்டர் தாணுமாலயன், நெஞ்சு நோய்க்காரர்களுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி கட்டியிருந்தார். மூலிகைக் காற்று நுரையீரலுக்கு நல்லது என்று நம்பிக் கட்டினார். கோடையில் நல்லதுதான். சீசன் வந்தபோதுதான் தெரிந்தது. சுவர் வியர்த்தது. போர்வை காயவே இல்லை. தலையணையில் பூசணம். நோயாளிகள் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி ஒடுங்கிக் கிடந்தார்கள். கரி அடுப்பு வைக்கலாம் என்றால் புகை ஆகாது. அப்போதுதான் டாக்டர் அந்த மெஷினை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். ஹீட் பம்ப். கொச்சிக் கப்பலில் வந்து, செங்கோட்டை வழியாக லாரியில் வந்தது.

மசூது கொச்சியில் ஐஸ் ஆலையில் பல வருஷம் வேலை பார்த்தவர். கம்ப்ரஸர் பழக்கம் உண்டு. டாக்டர் அவரைக் கூப்பிட்டு நேராகவே பேசினார்.

“இத இங்க பொருத்தி, சீசன் முடியது வரைக்கும் ஓட்டித் தாரும். உம்ம வீட்டுக்காரிக்கு நான் பெட் தாரேன். மெஷின் ஓடினா அவ பிழைப்பா. ஓடலன்னா, எங்கிட்ட வேற மருந்து கிடையாது.”

மசூது சரி என்றார். வேறு என்ன சொல்ல.

மறுநாள் பெட்டியை உடைத்தார்கள். கம்ப்ரஸர், காற்றாடி, செம்புச் சுருள் எல்லாம் ஒரே இரும்பு அலமாரிக்குள் அடக்கம். கம்பெனி ஆள் ஒருவர் வந்து காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். வார்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் அலமாரியை நிறுத்தினார்கள். அதிர்வு தாங்க அடியில் ரப்பர் வைத்து, மட்டம் பார்த்து, போல்ட் முறுக்கினார் மசூது. அலமாரியின் தலையிலிருந்து தகரக் குழாய் ஒன்று சுவரைத் துளைத்து வார்டுக்குள் போகும். அங்கே ஒரு கம்பிச் சட்டம். அதன் வழியாகச் சூடான காற்று வரும். அந்தச் சட்டத்தை எந்த இடத்தில் வைப்பது என்று டாக்டர் கேட்கவில்லை. மசூதே முடிவு செய்தார். ராபியாவின் கட்டிலுக்கு நேர் மேலே வைத்தார்.

இது முறையா என்று அவருக்கே ஒரு உறுத்தல் இருந்தது. எடுத்து வேறு இடத்தில் வைக்கவும் மனசு வரவில்லை.

அலமாரியின் பக்கவாட்டில் ஒரு பித்தளைக் கைப்பிடி. வலது பக்கம் தள்ளினால் தண்ணீரிலிருந்து சூட்டை எடுத்து வார்டுக்குத் தரும். இடது பக்கம் தள்ளினால் வார்டிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீரில் விடும். அது கோடைக்கு.

ராபியாவுக்கு இது விளங்கவில்லை.

“ஆத்துத் தண்ணி சில்லுனுல்லா இருக்கு. அதுல ஏதுங்க சூடு?”

“ஐஸ விடச் சூடுதான ஏட்டி. கொஞ்சம் இருக்கும். நெறயத் தண்ணியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, ஒரு இடத்துல சேத்துப் போடும். அதுவா சூட்ட உண்டாக்காது. எடுத்து வைக்கும், அவ்வளவுதான்.”

“அப்ப எடுத்த இடம்?”

“அது இன்னும் கொஞ்சம் குளுந்து போவும்.”

“பாவம்,” என்றாள். எதைச் சொன்னாள் என்று மசூது கேட்டுக்கொள்ளவில்லை.

தண்ணீர்தான் பிரச்சினை. ஆஸ்பத்திரிக் கிணற்றில் மணல் வந்தது. மணல் போனால் செம்புச் சுருள் வீணாகிவிடும். ஆற்றில் மற்ற இடமெல்லாம் இலையும் சருகும். மசூது கரையோரமாக நடந்து நடந்து பார்த்தார். ஒரே ஓர் இடம் பொருத்தமாக இருந்தது. அந்தக் கல்படிகளுக்குக் கீழே தண்ணீர் தேங்கும் ஒரு கிடங்கு. பாறை அடித்தளம். ஆழம் உண்டு. எந்தக் கோடையிலும் வற்றாது. சருகு நிற்காது.

ஆஸ்பத்திரி வாட்ச்மேன் குற்றாலிங்கம் கூட வந்திருந்தார். அவர் படியில் கால் வைக்காமல் ரோட்டிலேயே நின்றுகொண்டார்.

“மேஸ்திரி, இது சாம்பல் கரைக்கிற துறை. சுத்துப்பட்டு ஊர்ல எரிச்சா, எலும்பும் சாம்பலும் இங்கனதான் வரும். ஒரு குடம் தண்ணிகூட எவனும் இங்க மொள்ள மாட்டான்.”

“அண்ணாச்சி, தண்ணி வார்டுக்குள்ள வராது. குழாய்ல வந்து, சுருளச் சுத்திட்டு, இன்னொரு குழாய் வழியாத் திரும்ப ஆத்துக்கே வந்துரும். ஒரு சொட்டு நிக்காது. அதுல இருக்க சூட்ட மட்டுந்தான் எடுப்போம்.”

குற்றாலிங்கம் பீடியைக் கீழே போட்டார். ஈரத்தில் அது உஸ் என்றது.

“அவுகளுக்கு மிச்சம் அது ஒண்ணுதான வே இருக்கு.”

மசூது சிரித்தார். சிரிப்பதைத் தவிர என்ன செய்வது. குற்றாலிங்கம் சிரிக்கவில்லை.

“இன்னொண்ணும் கேட்டுக்கிடும். கரைச்சிட்டுப் போறவன் திரும்பிப் பாக்காமப் போவான். ஏன் தெரியுமா? பாத்தா பின்னாலேயே வந்துரும். வழி காட்டக் கூடாதுன்னுட்டுத்தான் அப்படி. நீரு என்னன்னா படியில இருந்து நோயாளி தலமாடு வரைக்கும் குழாய் போடுதீரு.”

மசூது டாக்டரிடம் சொல்லிப் பார்த்தார். டாக்டர் சுருக்கமாகக் கேட்டார். “வேற தண்ணி இருக்கா?” இல்லை. “அப்ப போடும்.”

நம் ஆட்கள் மண்ணில் கிடக்கிறார்கள், இந்த ஆற்றுக்கும் நமக்கும் என்ன என்று மசூது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குழாய் போட்டார். ஒன்று எடுக்க. ஒன்று திருப்பிவிட.

ஆடி பிறந்த அன்று மெஷின் ஓடியது.

முதலில் தரை லேசாக அதிர்ந்தது. ம்ம்ம்... என்று ஒரு முனகல். கம்பிச் சட்டத்தில் கட்டியிருந்த ரிப்பன் துணி ஆடியது. அப்புறம் காற்று வந்தது. வெதுவெதுப்பு. கூடவே ஒரு வாசம். புது மெஷினில் எண்ணெய் வாசம் அடிக்கும், மசூதுக்கு அது தெரியும். இது எண்ணெய் இல்லை. வரட்டிப் புகை. அதற்கு அடியில் நெய். எங்கோ தூரத்தில் எரிந்து அடங்கிய நெருப்பின் வாசம்.

கொஞ்ச நேரத்தில் அது போய்விட்டது. மூக்கு பழகிவிட்டதா, வாசமே போய்விட்டதா... இந்த இடத்தில் ஹபீபுல்லாவுக்கு நிச்சயமில்லை.

ஆனால் வார்டு காய்ந்தது. சுவரில் வியர்வை நின்றது. போர்வை மொறமொறப்பானது. ஆயா தங்கபுஷ்பம் சட்டத்துக்குக் கீழே நின்று கையை நீட்டி, “ஏசப்பா, வெயிலக் கொண்டாந்துட்டியளே அண்ணாச்சி,” என்றாள். ராபியா அன்று ரெண்டு இட்லி தின்றாள். அடுத்த கட்டிலில் இருந்த ஆவுடையம்மாள் கிழவி, “மாப்ள, இனி உம்ம பொஞ்சாதி உம்மப் போட்டு அடிக்கிற அளவுக்குத் தேறிருவா பாரும்,” என்று கேலி செய்தாள். ராபியா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் இருமல் வரவில்லை.

அந்த ஒரு வாரம் நன்றாக இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

ஒரு நாள் காலையில் ஆவுடையம்மாள் கேட்டாள். “மாப்ள, ராத்திரி அந்தச் சட்டத்துக்குக் கீழ ஒரு ஆளு குத்தவச்சு வேட்டியக் காய வச்சிக்கிட்டு இருந்தாரே. வாட்ச்மேனா?”

“எந்த ஆளு ஆச்சி?”

“மூஞ்சி காட்டல. நடுங்கிக்கிட்டே இருந்தாரு. நானும் சரி, காஞ்சிட்டுப் போட்டும்னு இருந்துட்டேன்.”

மருந்து மயக்கம் என்றாள் தங்கபுஷ்பம். ஆனால் தரையைத் துடைக்க வேண்டியவள் அவள்தான். சட்டத்துக்குக் கீழே, ராபியாவின் கட்டிலை ஒட்டி, தரையில் ஈரம். சாம்பல் கலந்த தண்ணீர். துடைத்தால் துணி வெளுத்துப்போனது.

“எங்கன இருந்து அண்ணாச்சி வருது இது? உங்க மெஷின் ஒழுகுதா?”

மசூது பார்த்தார். ஒன்றையும் விடாமல் பார்த்தார். குழாய் மூட்டு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழிகூட இல்லை. தகரக் குழாய்க்குள் கையை விட்டுத் தடவினார். எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. மெஷினில் ஒழுக்கே இல்லை. மறுநாளும் ஈரம் இருந்தது. அதற்கடுத்த நாள் ஈரம் கொஞ்சம் அகலமாகியிருந்தது.

ஒரே ஆளின் ஈரம் இல்லை அது என்று அவருக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

ஆற்றில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கிடங்கில் கெண்டைக் குஞ்சுகள் வயிறு வெளுத்து மிதந்தன. சாம்பல் கரைக்க வந்தவர்கள் முழங்கால் தண்ணீரில் நிற்க முடியாமல் படிக்கு ஓடி வந்தார்கள். காலை வெட்டுகிற மாதிரி குளிருகிறதாம். மெஷின் அவ்வளவு குளிர வைக்காது. ஓடுகிற ஆறு அது. மசூது கணக்குப் போட்டுப் பார்த்தார். மறுபடி போட்டார். கணக்கு எங்கோ இடித்தது.

ஆவுடையம்மாள் போய்விட்டாள். ஒரு விடிகாலையில், சத்தமில்லாமல். வார்டு சூடாகத்தான் இருந்தது. கிழவியின் உடம்பு மட்டும் சில்லென்று. மகன்கள் வந்து தூக்கிப்போனார்கள். எரித்தார்கள். சாம்பலை அந்தத் துறையில்தான் கரைத்தார்கள். திரும்பிப் பார்க்காமல் போனார்கள். குற்றாலிங்கம் ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் ராபியா மசூதின் கையைப் பிடித்தாள்.

“இங்க பாருங்க. ஆச்சி வந்திருக்காக.”

“எங்க?”

அவள் கண்ணால் காட்டினாள். சட்டத்துக்குக் கீழே. மசூதுக்கு வெறும் சுவர்தான் தெரிந்தது. சுவருக்கு அடியில் தரை நனைந்துகொண்டே வந்தது. அவர் பார்க்கப் பார்க்க... சொட்டுச் சொட்டாக. மேலே எதுவும் இல்லை. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து சொட்டியது.

“என்ன சொல்லுதாக?” என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது.

“ஒண்ணும் சொல்லல. பேசினாத்தான? ஆச்சி எம்மாம் பேச்சு பேசுவாக. இப்ப பல்லு கிட்டித்துக்கிட்டு நிக்காக. இன்னும் நெறையப் பேரு நிக்காகங்க. நெருக்கிக்கிட்டு. யாரும் திருட வரல. அவுகளோடதக் கேட்டு வந்திருக்காக.”

மசூது எழுந்துபோய் மெஷினை நிறுத்தினார்.

முனகல் அடங்கியது. வார்டில் அமைதி. கொஞ்ச நேரத்தில் சுவர் வியர்க்க ஆரம்பித்தது. சாரல் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்தது. ஒவ்வொரு கட்டிலாக இருமல் கிளம்பியது. ராபியாவின் உதடு நீலம் பாரித்தது. மூச்சு இழுத்து இழுத்து, அடுத்த மூச்சு வருமா என்று அவர் காத்துக்கொண்டிருக்கும்படி ஆகிவிட்டது. தங்கபுஷ்பம் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள்.

“எதுக்கு நிறுத்தினீரு?” என்றார் டாக்டர்.

மசூது சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். ராபியாவின் நாடியைப் பிடித்தபடியே டாக்டர் காதுகொடுத்துக் கேட்டார்.

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் பாக்கது இவள. நீரும் இவளப் பாரும். ஓடவிடட்டா, வேண்டாமா?”

மசூது ஓடவிட்டார். வெள்ளம் வடிந்ததும் குழாயை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லிக்கொண்டார். வெள்ளம் வடியவில்லை. அந்த வருஷம் ஆடி முழுக்க மேலே மலையில் இடி நிற்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் மெஷின் அறையை விட்டு நகரவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, இரும்பு அலமாரியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். அதன் முனகல் அவர் எலும்புக்குள் இறங்கிவிட்டது. சத்தம் சரியாக இருக்கும்வரை ராபியா மூச்சுவிடுகிறாள். அப்படித்தான் அவருக்குக் கணக்கு.

ஒரு விடியற்காலம். கோழி கூவவில்லை. அவர் கண் அசந்திருந்தார். எழுப்பியது சத்தம் இல்லை. சத்தம் மாறியதுதான் எழுப்பியது.

ம்ம்ம் என்று ஓடிக்கொண்டிருந்த மெஷின், ஒரு பெருமூச்சு விட்டது. உஸ்ஸ்ஸ்... வாயு திசை மாறுகிற சத்தம். அப்புறம் மறுபடி முனகல். கொஞ்சம் கனமான முனகல்.

விளக்கைத் தூக்கினார். பித்தளைக் கைப்பிடி இடது பக்கம் தள்ளியிருந்தது.

கதவில் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. கைப்பிடியில் ஈரச் சாம்பல். ஒரு கை பிடித்த தடம் இல்லை. தடத்தின் மேல் தடம், அதன் மேல் தடம். பித்தளையே தெரியவில்லை.

வலது பக்கம் தள்ளினார். அசையவில்லை. முழுப் பலத்தோடு தள்ளினார். அந்தப் பக்கமும் யாரோ பிடித்திருக்கிற மாதிரி... ஒரே ஆள் பிடித்திருக்கிற மாதிரியும் இல்லை. மெயின் சுவிட்சை இழுத்தார். மெஷின் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தானாக, வேலை முடிந்த மாதிரி நின்றது. சுவிட்சை இழுத்தபிறகு அது எவ்வளவு நேரம் ஓடியது என்பதை மாமா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரிச் சொன்னாராம்.

வார்டுக்கு ஓடினார். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த குளிர் அவருக்குப் பழகிய குளிர்தான். கொச்சியில் ஐஸ் அறையைத் திறந்தால் அடிக்குமே, அது. நோயாளிகள் வாயில் புகை பறந்தது. தங்கபுஷ்பம் ஒவ்வொருவர் மேலும் சாக்கையும் போர்வையையும் வாரிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழுதுகொண்டே வேலை செய்தாள். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

சட்டத்துக்கு நேர் கீழே இருந்த கட்டிலைத் தவிர.

ராபியா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மசூது அவள் கன்னத்தைத் தொட்டார். ஐஸ் பாளத்தைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது. வலது கை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்தது, யாருக்கோ எதையோ கொடுக்கிற மாதிரி. கட்டிலைச் சுற்றித் தரை சுத்தமாகக் காய்ந்திருந்தது. சொட்டு ஈரம் இல்லை. இத்தனை நாளில் அன்றுதான் காய்ந்திருந்தது.

நுரையீரல் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அந்தச் சீசனோடு வார்டைப் பூட்டிவிட்டார்.

வடகரை மையவாடியில் அடக்கம் செய்தார்கள். அவள் மண்ணில் இருக்கிறாள், அந்த ஆற்றில் இல்லை, அந்தக் கூட்டத்தில் இல்லை... மசூதுக்கு மிஞ்சியது இந்த ஒரு ஆறுதல்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் குழாயைக் கழற்ற ஐந்தருவி ரோட்டுக்குத் திரும்பிப் போனார்.

குற்றாலிங்கம் ரோட்டில் நின்றார். இந்த முறை படியில் இறங்கி வந்தார்.

“அன்னைக்கு விடியும்போது பாத்தேன் மேஸ்திரி. கிடங்குல இருந்து ஆவி பறந்துச்சு. சோத்துப் பானையத் தெறந்த மாதிரி. அதுக்கப்புறம் எங்கயும் பல்லுச் சத்தம் கேக்கல. அவுக எல்லாரும் போய்ட்டாகன்னு நெனைக்கேன்.”

மசூது ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரில் கையை விட்டார். சில்லென்ற ஆற்றுத் தண்ணீர். சாதாரணத் தண்ணீர். கையை எடுக்கப்போன நேரத்தில்... மணிக்கட்டில் ஒரு வெதுவெதுப்பு. ஓர் உள்ளங்கை அகலம். கையை இடம் மாற்றினார். அதுவும் கூடவே வந்தது.

எல்லோரும் போய்விட்டார்கள். கொடுத்தவள் மட்டும் அங்கே இருந்தாள். குழாய் அவள் உடம்பிலிருந்து எதை எடுத்ததோ, அதை மண்ணில் வைக்க யாராலும் முடியவில்லை.

மசூது அப்புறம் கொச்சிக்குப் போகவில்லை. எந்த வேலைக்கும் போகவில்லை. தினம் அந்தப் படியில் உட்கார்ந்து தண்ணீரில் கையை விட்டுக்கொண்டிருப்பார். சாம்பல் கரைக்க வருகிறவர்கள் பைத்தியம் என்று ஒதுங்கிப் போவார்கள். வீட்டில் யார் போய்க் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான். “கைய விடமாட்டேங்கா. நான் என்ன செய்ய?” சில நாள் அழுவார். வருஷத்துக்கு வருஷம் சூடு குறைந்துகொண்டே வருகிறது என்று மட்டும் சொல்வார். ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது, எவ்வளவு நாள் தாங்கும்.

போன ஆடியில், ஒரு சாரல் நாளில், அந்தப் படியிலேயே மௌத்தாகிக் கிடந்தார். ராத்திரி முழுக்க மழையில் கிடந்த உடம்பு. தூக்கி வந்தவர்களில் ஹபீபுல்லாவும் ஒருவன். குளிப்பாட்டும்போதும் கூட நின்றான். உடம்பு முழுக்கச் சில்லென்று விறைத்திருந்தது.

வலது மணிக்கட்டு மட்டும் சூடாக இருந்தது. ஒரு கை சுற்றிப் பிடிக்கிற அளவுக்கு. தண்ணீர் ஊற்றினார்கள். ஆறவில்லை. கஃபன் துணி சுற்றினார்கள். துணிக்கு மேலேயும் தெரிந்தது. ஹபீபுல்லா கடைசியாக ஒருமுறை அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தான். அந்தச் சூட்டுக்கு நடுவில், ஆட்காட்டி விரல் படுகிற இடத்தில், நூல் அகலத்துக்கு ஒரு கோடு மட்டும்... சில்லென்று இருந்தது.